முறை: பாவனை

கஞ்சிக்கோட்டில் காற்று எந்நேரமும்
அவசரமாக எங்கோ போகிறது.
மலை விட்டுக்கொடுத்த இடைவெளி இது.
லாரியும் ரயிலும் முறை கேட்டு நிற்கும்,
காற்று மட்டும் வரிசையில் நிற்காது.

தொழிற்பேட்டையில் கடைசிக் கட்டடம்,
இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்சுவர்.
ஆறு சர்வர்கள். இரண்டு ஏ.சி., ஒன்றுதான் குளிரும்.
ஆறுக்குள் நாற்பது கணினிகள் இருப்பதாக
நம்பவைப்பது என் உத்தியோகம்.

மேகத்துக்கு ஒரு மேலாளர் உண்டு, மென்பொருள்தான்.
உருவாக்கு என்றால் உருவாக்கும்,
அழி என்றால் அழிக்கும்.
யாருக்கு முதலில், எப்போது என்று கேட்டால்
காலியாய்க் கிடப்பதைக் காட்டிவிட்டுக் கைகட்டி நிற்கும்.
நாளை என்ற சொல் அதற்குத் தெரியாது.
நாளை தெரிந்த ஷெட்யூலர் ஒன்றை
அதனோடு கட்டிவைக்கத்தான்
எட்டிமடையில் பஸ் ஏறி
வாளையாறில் வேறு பஸ் மாறி வந்தேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மழைக்கணக்கு
ஆறு சர்வரையும் ஒரு மணி நேரம் கேட்கிறது:
முன்பதிவு, தள்ளிப்போடக் கூடாது.
நூற்பாலையின் கூலிப் பட்டியல், கேட்டவுடன் வேண்டும்.
பிறகு ரம்லத் என்கிற ஆராய்ச்சி மாணவி.
நெல்லியாம்பதி வௌவால்களின் குரலை இனம் பிரிக்கிறாள்,
பத்தொன்பது நாள் ஓட்டம்.
'இடம் இருக்கும்போது ஓடட்டும்,
வேறு யாராவது வந்தால் நிறுத்திவையுங்கள் அக்கா.'
இவ்வளவு பணிவாகக் கேட்பவர்களைத்தான்
எல்லா ஷெட்யூலரும் முதலில் எழுப்பிவிடுகிறது.

பழைய ஷெட்யூலரை நிறுத்தினேன்.
(பந்தியை இரண்டு பேர் விசாரித்தால்
ஒரே இலையில் இரண்டு தரம் சாம்பார் விழும்.)
புதியதற்கு மேலாளரின் முகவரி,
போர்ட் இரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்துமூன்று,
கடவுச்சொல்,
ஒரு வி.எம்.மை உறங்கவைக்க எத்தனை நொடி என்ற உத்தேசம்
எல்லாம் எழுதிக்கொடுத்து
ஓட்டினேன்.

ஓடியது. அடடா, எப்படி ஓடியது!
மூன்றுக்கு மழை வந்தது, வௌவால்கள் உறங்கின,
நான்குக்கு எழுந்து விட்ட இடத்திலிருந்து கத்தின.
பதிவேட்டில் ஒரு பிழை இல்லை.
'கழிஞ்ஞு' என்று சாஜன் என் நாற்காலியைத் தட்டிவிட்டு
டீ வாங்கப் போனான்.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன்.
பதிவேட்டில் அடுத்த மாதம் ஒன்பது.
சுவரில் இன்று, இரவு பதினொன்றே கால்.
சர்வர்களின் பின்பக்கம் கை வைத்தேன்,
சூடு இல்லை.
மேலாளரைக் கேட்டால்
நாற்பதும் 'காத்திருப்பு'.

கோப்பில் பன்னிரண்டாவது வரி.
முறை: பாவனை.
வந்து இறங்கும்போது அப்படித்தான் இருக்கும்.
மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை.
இல்லாத சர்வர்களில், இல்லாத நேரத்தில்
ஒரு மாதத்து நியாயத்தை நாலே நிமிடத்தில்
வழங்கி முடித்திருக்கிறது.
நான் கைதட்டாத குறை.

ஒரு சொல்லை அழித்து ஒரு சொல் எழுதினேன்.
இப்போது மெதுவாக, கோணலாக நடந்தது.
இரண்டாவது சர்வரின் கடிகாரம்
நாற்பது நொடி பின்னால் இருந்தது.
நான்காவதில் வட்டு நிரம்பிப்போய்.
வௌவால் ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது.
எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டரை இருக்கும். வந்துகொண்டிருந்த ரயில் சத்தம்
வராமல் நின்றது.
'பி லைனில் ஆனை' என்றான் சாஜன், ஜன்னலில் இருந்து.
முன்பதிவு இல்லை, அட்டவணையில் பெயர் இல்லை.
காட்டுக்குள் இன்ஜின் விளக்கு ஒரே இடத்தில் எரிந்தது.
இருபத்திரண்டு பெட்டி நிறைய ஆட்கள்
நின்றது தெரியாமல் உறங்கியிருப்பார்கள்.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில்
ஷெட்யூலர் வௌவால்களின் நினைவை மடித்து
வட்டில் வைக்கத் தொடங்கியது.
என் உத்தேசத்துக்கு மேல் பதினோரு நொடி.
மழை பதினோரு நொடி தாமதம்.
ஆறு சர்வரும் ஒன்றாய் விசிறியை உயர்த்தின.
வெளியே ஒரு பொட்டுத் துளி இல்லை,
அதே காற்று.

நான்கு ஐந்துக்கு ரம்லத்துக்கு எழுதினேன்:
'பத்தொன்பது இனி இருபது நாள் ஆகும்.'
அவளும் தூங்கவில்லை போலும்.
'சரி அக்கா. வௌவாலுக்கு என்ன அவசரம்.'

ரயில் எப்போது கிளம்பியது என்று
இருவருமே கவனிக்கவில்லை.